மருந்து குடோன்

பின் சீட்டில் கை வைத்ததுமே அருள்மேரிக்குப் புரிந்துவிட்டது. சீட்டு சூடாக இருந்தது.

அந்த மில்லுக்குள் வெயில் எட்டிப் பார்க்க வழியே கிடையாது. ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துப் பூசியாகிவிட்டது. சித்திரை மாதத்தில்கூட உள்ளே இருக்கிற இரும்பும் தோலும் கிணற்றுக் கல் மாதிரி சில்லென்றுதான் இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் உள்ளே போய்த் தூசி தட்டி, எலி அண்டாமல் இருக்க நொச்சித் தழை போட்டுவிட்டு வருகிறவள் அவள்தான். அங்கே எது எப்படி இருக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். இப்போது அந்தக் கறுப்பு டெய்ம்லர் காரின் பின் சீட்டில், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில் மட்டும் சூடு இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறான். போய்விட்டானா, இல்லை இங்கேயே எங்காவது நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா?

அவள் கத்தவில்லை. கத்தினால் ஊர் வரும். ஊர் மட்டும் வரவே கூடாது என்பதுதான் முதலாளி அவளுக்கும் அவள் புருஷன் ஜெபதாஸுக்கும் சொல்லியிருந்த ஒரே கட்டளை. கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போடாமல், சுவரை ஒட்டியே பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்து பூட்டினாள். பூட்டின பிறகுதான் தன் பல் கிட்டித்துப் போயிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக நின்ற பழைய நெல் மில் அது. ஓடாமல் கிடந்ததை சென்னையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ரகுபதி வாங்கினார். நெல் அரைக்க வாங்கவில்லை. ஜமீன்கள் ஒழிந்து, அரண்மனைக்காரர்கள் வீட்டுச் சாமானை விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ரகுபதி ஊர் ஊராகப் போய் அவர்களுடைய பழைய கார்களை வாங்கினார். மாட்டுக் கொட்டகையில் கோழி அடை காத்துக்கொண்டிருந்த காரைக்கூட விடவில்லை. அப்படிச் சேர்ந்தவை ஐந்து. அவற்றில் நீளமானதும், அவர் கை வைத்தால்கூடத் துண்டால் துடைத்துவிட்டு வைப்பதும் அந்த டெய்ம்லர்.

ஜெபதாஸ் அவருடைய டிரைவர். "ஐயா, இந்தக் காயலான் கடைச் சரக்கை வெச்சிகினு இன்னா செய்யப் போறீங்க?" என்று அவன் ஒரு தரம் கேட்டேவிட்டான்.

"இன்னைக்குக் காயலான் கடைச் சரக்குதான்" என்றார் ரகுபதி. "ஒரு பதினஞ்சு இருபது வருஷம் போகட்டும். இப்படி ஒரு வண்டியைச் செய்யறவனே உலகத்துல இருக்க மாட்டான். அப்போ இதைத் தேடிக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. சீமையில இப்பவே ஏலத்துல எடுக்கிறாங்க. எனக்குப் பொறுமை இருக்கு ஜெபதாஸ்."

பொறுமை இருந்தது. ஆனால் அந்தக் கார்கள் எதுவும் அவர் சர்க்காருக்குக் காட்டின கணக்கில் இல்லை. எமர்ஜென்சி வந்ததும் சென்னையில் ரெய்டு ரெய்டு என்று பேச்சானது. ரகுபதியின் மச்சான் வீட்டில் சுவரைக்கூட உடைத்துப் பார்த்தார்களாம். அதற்கப்புறம்தான் கார்களைத் தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் ஏற்றி இந்த மில்லுக்குக் கொண்டுவந்தார். பெரிய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். சாலைப் பக்கம் பார்க்காத சின்னக் கதவு ஒன்றை மட்டும் விட்டார். வெளிச்சுவரில் சிவப்புப் பெயின்டில் மண்டையோடு வரைந்து, உள்ளே வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து அடுக்கியிருக்கிறது, மூச்சு பட்டாலே ஆபத்து என்று ஊரில் சொல்லச் சொன்னார். ஜெபதாஸ் சொன்னான். ஊர் நம்பிவிட்டது. மில்லை மருந்து குடோன் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். ஜெபதாஸும் அருள்மேரியும் மில்லை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லாதவர்கள். வெளியூரிலிருந்து வந்த வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால் ஊர்க்காரர்களும் அதிகம் ஒட்டவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபதாஸ் சைக்கிளை நிறுத்தியதும் கேட்டான். "இன்னா மேரி, மூஞ்சி வெளுத்துகினு கீது?"

அவள் சொன்னாள். அவன் ராத்திரி முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் பொழுது நன்றாக விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அந்த ஆள் ஓடவில்லை. டெய்ம்லரின் பின்கதவைத் திறந்து அவனாகவே இறங்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தாடி மண்டிக் கிடந்தது. கூரையில் பழைய புகைபோக்கி நின்ற இடத்துத் தகரத்தை நெம்பி இறங்கியிருக்கிறான்.

"அடிக்காதீங்கண்ணே. நான் திருடன் இல்ல. பேரு தசரதன். வாலாஜாபாத் பக்கத்து ஆளுதான். அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில யூனியன் செயலாளரா இருந்தேன். என்னோட இருந்தவங்களை எல்லாம் மிசா சட்டத்துல புடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க. ஒருத்தன் உள்ளயே செத்துட்டான். என்னையும் தேடிகினு கீறாங்க. மருந்து குடோன்னா போலீஸ்கூட கிட்ட வர மாட்டான்னு ஊர்ல பேசிகினாங்க. அதான் வந்தேன்."

"உள்ள மருந்து இருந்தா செத்திருப்பியே?" என்றாள் அருள்மேரி.

"வெளிய இருந்தாலும் சாவுதானேக்கா."

ஜெபதாஸ் கடப்பாரையைத் தாழ்த்தினான். அவனுக்கும் அவளுக்கும் ஒரே கணக்குதான் மனதில் ஓடியது. இவனைப் போலீசில் சொன்னால் போலீஸ் இங்கே வரும். வந்தால் கார்கள் வெளியே வரும். சாவி யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் முதல் விலங்கு. இவனைத் துரத்திவிட்டாலும் ஆபத்துதான். பிடிபட்டு, எங்கே ஒளிந்திருந்தாய் என்று அடித்துக் கேட்டால் எத்தனை நாள் சொல்லாமல் இருப்பான்?

"கொஞ்ச நாள் இரு தம்பி" என்றான் ஜெபதாஸ் கடைசியில். "பீடி மட்டும் பத்த வெக்காத."

அன்றிலிருந்து அருள்மேரி கஞ்சித் தூக்கை நொச்சித் தழைக்கு அடியில் மறைத்து எடுத்துப் போனாள். முன்பு வாரத்துக்கு ஒரு நாள் போனவள் இப்போது தினமும் போகிறாளே என்று யாராவது கவனிக்கிறார்களா? சாலையில் மாட்டு வண்டி மெதுவாகப் போனால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை பார்த்தாள். வீட்டில் சோறு அளக்கும்போது, வாசலில் துணி காயப் போடும்போது, கோயில் பூசையில் முட்டி போட்டிருக்கும்போது எல்லாம் காது மட்டும் சாலையிலேயே இருந்தது. தசரதன் பேச்சுக்கொடுத்தால் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் சத்தம் வெளியே கேட்கும் என்று பேச விட மாட்டாள். சின்னப்பொண்ணு என்று பெண்டாட்டி இருப்பதாகவும், தான் உயிரோடு இருப்பதே அவளுக்குத் தெரியாது என்றும் மட்டும் அவன் சொல்லியிருந்தான்.

ஒரு நாள் காலையில் அம்பாசடர் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது.

இறங்கியவன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனப் பொட்டோடு கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா தங்கச்சி?" என்று கேட்டான். சொம்பை இரண்டு கையாலும் வாங்கினான். அண்ணாந்து குடித்துவிட்டு மண்டையோட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்லா வரைஞ்சிருக்காங்க" என்றான். "என் பேரு சுப்பராயன். ஹார்பர் பக்கம் பழைய இரும்பு வியாபாரம். உள்ள இருக்கிற டெய்ம்லரை ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜெபதாஸ் குறுக்கே வந்து நின்றான். "மருந்துங்க அது. கார் கீர் ஒண்ணும் கெடையாது."

"சரி, மருந்துதான்" என்றான் சுப்பராயன், கொஞ்சமும் கோபப்படாமல். "அந்த மருந்துக்கு சீமையில ஒரு துரை ஆசைப்படறாரு. இந்த மாதிரிப் பழசை நாட்டை விட்டுக் கொண்டு போகக் கூடாதுன்னு சர்க்கார் தடை போட்டிருக்குது. ஆனா பழைய இரும்பு போலாம். மூணு துண்டா வெட்டினா எந்தக் காரும் பழைய இரும்புதான். அங்க போனதும் ஒட்டிக்குவாங்க." சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். "ரெய்டுக்காரங்க இந்தப் பக்கமும் வரப் போறதாப் பேச்சு. அவங்க வந்தா, சாவி வெச்சிருக்கிறவரைத்தான் கேப்பாங்க. நல்லா யோசிச்சுக்குங்க."

அம்பாசடர் கிளம்பின தூசி அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். மறுநாள் விடிந்ததும் ஜெபதாஸ் முதலாளியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பஸ் பிடித்து சென்னைக்குப் போனான். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

"சீக்கிரம் வந்துடுங்க" என்றாள்.

"மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். கதவைச் சாத்திகினு இரு."

மத்தியானம் ஆயிற்று. வந்தது ஜெபதாஸ் இல்லை. ஒரு லாரி வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் சுப்பராயன். பின்னால் நாலு ஆட்களும், கேஸ் சிலிண்டர்களும், கனமான சங்கிலிகளும். லாரி சாலையிலேயே நிற்காமல் மில்லைச் சுற்றிக்கொண்டு அந்தச் சின்னக் கதவுக்கு நேராக வந்து நின்றது. வழி தெரிந்து வந்த மாதிரி.

அருள்மேரி ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். என்ன செய்வதென்று யோசித்து நிற்கவில்லை. கால் போய் நின்றுவிட்டது.

"சாவி என்கிட்ட கீது. நான் தர மாட்டேன்."

"வேணாம் தங்கச்சி" என்று சுப்பராயன் இடுப்பிலிருந்து வேறொரு சாவியை எடுத்துக் காட்டினான். "உங்க முதலாளி குடுத்ததுதான்."

அவள் நம்பவில்லை. கள்ளச் சாவி அடித்துக்கொண்டு வந்து முதலாளி பேரைச் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். கத்தலாமா? ஊர் வரும். போலீசுக்கு ஆள் அனுப்பலாமா? போலீஸ் வந்தால் உள்ளே இருக்கிறவன் கதி என்ன? அவளுக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் அந்தக் கதவு வரைக்கும் போய் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றன. அதற்குள் ஒருவன் அவளை மெதுவாகத் தோளைப் பிடித்து ஒதுக்கினான். பூட்டு திறந்துகொண்டது. சத்தம்கூட வரவில்லை.

உள்ளே பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். கார்கள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் முகம் காட்டின. தசரதனைக் காணோம். கூரை வழியாகப் போயிருப்பான், மாதாவே, போயிருக்கணும் என்று அருள்மேரி வேண்டிக்கொண்டாள். ஆனால் ஏறுவதற்கு அவன் வைத்திருந்த மரப்பெட்டி சுவரோரம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஏற அவனுக்கு நேரம் கிடைத்திருக்காது.

அவள் கண் டெய்ம்லருக்குப் போனது. பின் சீட்டின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் தரை வரைக்கும் சரிந்து கிடந்தது. அவள் அதை எப்போதும் மடித்துத்தான் வைப்பாள்.

சுப்பராயன் நேராக அந்தக் காருக்கே போனான். விளக்கைத் தூக்கிப் பிடித்து, பானெட்டைத் தடவிப் பார்த்து, மூக்கால் லேசாகப் பெருமூச்சு விட்டான். அப்புறம் முன் சீட்டுக்குப் பின்னால் கூரையிலிருந்து கீழே வரைக்கும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான்.

"இங்க ஒரு வெட்டு. பின் சக்கரத்துக்கு முன்னால ஒரு வெட்டு. டாங்கில பெட்ரோல் இல்லையே?"

"எல்லாம் காஞ்சிதான் கீது" என்றான் ஒருத்தன்.

இரும்பு வெட்டுகிற கேஸ் கட்டரைப் பற்ற வைத்தார்கள். பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். நீல நெருப்பு நாக்கு நீட்டியது. அருள்மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட்டால் அவன் போலீசுக்குப் போவான். சொல்லாவிட்டால்? சீட்டுக்குள் இருப்பது தேங்காய் நார். பொறி ஒன்று போதும். தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறவனும் சத்தம் போட மாட்டான். சத்தம் போட்டால் பிடித்துக்கொள்வார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டே வெந்துபோவான். தகரத்தில் நெருப்பு பட்டு பெயின்ட் கொப்புளித்தது. கருகல் நாற்றம் வந்தது.

"நிறுத்துங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் கட்டர் பிடித்திருந்தவன் கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள ஆள் கீறான். ஆள் கீறான்யா உள்ள."

கட்டர் அணைந்தது. அந்த அமைதியில் தார்ப்பாய் அசைந்தது. ஆட்கள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தசரதன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். வேர்வையில் தாடி ஒட்டிக்கொண்டிருந்தது. 

சுப்பராயன் விளக்கை அவன் முகத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். யார் என்று கேட்கவில்லை. இப்படித் தாடி வைத்துக்கொண்டு பகலில் ஒளிந்திருக்கிறவன் யாராக இருப்பான் என்று அந்த வருஷத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"நான் உன்னைப் பார்க்கல" என்றான் கடைசியில். "நீயும் என்னைப் பார்க்கல. இந்தத் தங்கச்சி ரெண்டு பேரையும் பார்க்கல. சரிதானே? இறங்கு. வந்து இந்தப் பக்கம் பிடி."

தசரதன் இறங்கி வந்து பிடித்தான். தான் படுத்துக் கிடந்த கார் துண்டாகிற வரைக்கும் அவனே முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிந்ததும் துண்டுகளைச் சாய்த்துச் சின்னக் கதவு வழியாக வெளியே இழுத்து, மேலே கரியும் துருவும் பூசி, சுற்றிலும் உடைந்த ஏர்க்கலப்பையும் தகர டப்பாவுமாகப் போட்டு லாரியில் நிரப்பினார்கள்.

"இவன் இங்க இருந்தா உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து" என்று சுப்பராயன் தசரதனை லாரியில் ஏறச் சொன்னான். "என் குடோன்ல ஒரு மூலையில கிடக்கட்டும்."

தசரதன் அருள்மேரியைப் பார்த்தான். போகலாமா என்று கேட்கிற பார்வை. அவளுக்கு என்ன தெரியும்? அடுத்த ஸ்டேஷனிலேயே இறக்கிவிட்டுப் பரிசு வாங்கிக்கொள்வானோ என்னவோ. ஆனால் போகாதே என்று சொல்லவும் அவளிடம் ஒன்றும் இல்லை. அவன் இரும்புக்கு அடியில் போய்ப் படுத்தான். மேலே தகரத்தைப் போட்டு மூடினார்கள்.

ஜெபதாஸ் பொழுது சாய்ந்துதான் வந்தான். முதலாளி அவனை உட்கார வைத்து, இதோ பேசலாம் என்று சொல்லி, கடைக்கும் வீட்டுக்குமாக வண்டி ஓட்டச் சொல்லி, விடவே இல்லையாம். நடந்ததைக் கேட்டதும் மில்லுக்குள் போய் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அப்புறம் தவிப்போடு சொன்னான்: "இப்போ இன்னான்னு சொல்றது மேரி? நாமதான் வித்துட்டோம்னு சொல்வாரு."

"நடந்ததைச் சொல்லலாங்க."

"போலீஸ் தேடற ஆளை ஒளிச்சு வெச்சிருந்தோம்னா?"

சொல்லவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்கள். ரகுபதியும் அந்தப் பக்கம் வரவில்லை. மழைக்காலம் போனது. அறுவடை முடிந்தது. வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் போலீஸா, முதலாளியா, தசரதனைப் பற்றிய சாவுச் செய்தியா என்று அருள்மேரி பின்வாசலுக்கு ஓடினாள். உடம்பு இளைத்துப்போனது. ஜெபதாஸ் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

மறு வருஷம் எலெக்‌ஷன் முடிந்து எமர்ஜென்சி போன பிறகுதான் ரகுபதி வந்தார். தலை நரைத்திருந்தது. பாலிருக்கிறதா, மாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அப்புறம் சாவி வாங்கித் தானே மில்லைத் திறந்து உள்ளே போனார். அருள்மேரி கதவுக்கு வெளியே சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ஜெபதாஸ் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான்.

ரகுபதி ரோல்ஸ் ராய்ஸைச் சுற்றி வந்தார். பியூக் காரின் டயரை அழுத்திப் பார்த்தார். டெய்ம்லர் நின்ற இடத்தைத் தாண்டி நடந்து போனார். அங்கே தரையில் கருகல் தடம் அப்படியே இருந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் போனார். திரும்பி வந்து, "எலி வராம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கேட்கவே இல்லை.

அன்றைக்கு வந்த பயம் அதற்கு முன்னால் அவளுக்கு வந்ததே இல்லை. திட்டியிருந்தால், அடித்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. "ஏன் கேக்கல?" என்று ஜெபதாஸிடம் கேட்டாள். "வயசாகுது, கவனிச்சிருக்க மாட்டாரு" என்றான் அவன். இரண்டு பேருமே அதை நம்பவில்லை.

பதில் தசரதனிடமிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, தாடி மழித்த ஒரு ஆளும் மஞ்சள் கயிறு போட்ட ஒரு பெண்ணும் பலாப்பழத்தோடு வாசலில் நின்றார்கள். சின்னப்பொண்ணு அருள்மேரியின் காலில் விழப் போனாள். அருள்மேரி அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு நாள் அழ நேரமே கிடைக்காத மாதிரி அழுதாள்.

சுப்பராயன் காட்டிக்கொடுக்கவில்லை. ராயபுரத்தில் அவன் குடோனிலேயே மரப்பெட்டிகளுக்கு நடுவில் தசரதன் அத்தனை மாசமும் கிடந்திருக்கிறான். கூலியில்லாமல் பெட்டி அடித்துக் கொடுத்திருக்கிறான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றான் தசரதன். பேச்சைத் தொடங்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "உங்க முதலாளி சுப்பராயன் குடோனுக்கு வந்தாரு. கார் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி. நான் பெட்டிக்குப் பின்னால இருந்தேன். துண்டைத் தடவிப் பார்த்து அழுதாரு. அப்புறம் சுப்பராயன் கேட்டாரு, வழியில மாட்டினா யார் பேரைச் சொல்றதுன்னு."

"ஐயா இன்னா சொன்னாரு?" என்றான் ஜெபதாஸ்.

"மில்லுல டிரைவர் இருக்கான், சாவி அவன்கிட்டதான் இருக்கு, அவன் வித்ததா இருக்கட்டும்னு சொன்னாரு அண்ணே. சுப்பராயன் வந்து பயமுறுத்தி உங்களைக் கிளப்பினதும், அன்னைக்குப் பட்டணத்துல நிறுத்தி வெச்சதும், நீங்க இங்க இருந்து தடுத்துடக் கூடாதுன்னுதான்."

ஜெபதாஸ் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். மாடு குடித்து முடித்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றான். பதினெட்டு வயதில் ரகுபதி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன்.

முதலாளியைப் போய்க் கேட்க மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். அருள்மேரிதான் போனாள். பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து ரகுபதியின் வீட்டைக் கண்டுபிடித்தாள்.  அவர் நாற்காலிக்கு நேரே போய் நின்றாள். 

"எங்ககிட்ட ஏன்யா சொல்லல?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. "சொல்லியிருந்தா நீங்க பயந்திருப்பீங்க" என்றார்.

"சொல்லாமயே பயந்துகினுதாங்க இருந்தோம்."

ரகுபதி நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "என் மச்சானை எப்படி இழுத்துக்கிட்டுப் போனாங்கன்னு நீ பார்க்கல அருள்மேரி. எனக்கு எதைத் தொட்டாலும் பயம். ஒண்ணையாவது வித்து வெளிய தள்ளிடணும்னு ஆயிடுச்சு. மாட்டிக்கிட்டா முன்னால நிக்கறதுக்கு யாராவது வேணும்னு தோணிச்சு. நடக்கும்னு நினைச்சுச் சொல்லல."

"அந்த யாராவதுதான் என் வூட்டுக்காரரா?"

 அவர் வேறு யாரோடோ பேசுகிற மாதிரி சொன்னார்: "இன்னும் நாலு இருக்கு. இன்னும் கொஞ்ச வருஷம்தான். அதுக்கு வரப்போற மவுசு உங்களுக்குத் தெரியாது. அப்போ உங்களை நான் மறக்க மாட்டேன்."

அவள் சாவியை மேஜை மேல் வைத்தாள். "எலி இருக்குதுங்க. வேற ஆளைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். படி இறங்கும்போது அவர் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை.

தசரதன் பழைய சிநேகிதர்களைப் பிடித்து ஜெபதாஸுக்கு லாரி ஓட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்தான். பிற்பாடு மறைமலை நகரில் கம்பெனிகள் எழும்ப ஆரம்பித்ததும் அந்தப் பக்கமே குடிபோனார்கள்.

ரகுபதி சொன்னது பலித்தது. எண்பதுகளின் நடுவில், பழைய கார்களை வைத்திருப்பது பணக்காரர்களுக்குப் பெருமையாகிவிட்டது. சென்னையில் அவற்றை வரிசையாக ஓட்டிக் காட்டினார்கள். பம்பாயிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மருந்து குடோனின் செங்கல் வாசலை உடைத்து, நாலு கார்களையும் டிராக்டர் கட்டி வெளியே இழுத்த அன்றைக்கு ஊரே திரண்டு நின்றதாம். ஜெபதாஸ் மட்டும் போய்க் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

"ரோல்ஸ் ராய்ஸுக்கு மாலை போட்டாங்க மேரி. பெரியவர் கைத்தடி ஊனிகினு பக்கத்துல நிக்கறாரு. போட்டோ புடிக்கறாங்க. ஒருத்தன், இத்தனை வருஷம் எப்படி சார் பத்திரமா வெச்சிருந்தீங்கன்னு கேட்டான்."

"இன்னா சொன்னாரு?"

"பொறுமைன்னாரு."

அருள்மேரி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தச் சமயம் தெருவில் ஒரு கார் வந்து அவர்கள் வாசலுக்கு நேரே நின்றது. எதிர் வீட்டுக்கு வந்தவர்கள். கதவு சாத்துகிற சத்தமும் குழந்தைகள் பேச்சும் கேட்டன. அது முழுசாகக் காதில் விழுவதற்கு முன்பே அவள் பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றிருந்தாள்.  கார் போன பிறகு ஜெபதாஸ், போய்விட்டது என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னான்.